தலைவருக்கு முதல் தெளிப்பு

ஆறும் கடலும் எட்டிப் பார்க்காத ஒரே ஒரு ஊரிலே ஒரு கழிவுநீர் நிலையம் இருந்ததாம். சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் மோட்டாரை ஓட்டுகிறவள் பூவாயி. மின்சாரத்தை மிச்சம் பிடித்த பெருமை வேண்டுமென்று நகராட்சித் தலைவர் நாச்சிமுத்து அந்த மோட்டாரையே நிறுத்தச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"நாளைக்குக் கலெக்டரம்மா வர்றாங்க. தண்ணி சுத்தம்னு நீதான் நிரூபிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது" என்றார்.

"ஆகட்டுங்க தலைவரே."

மறுநாள், "இந்தத் தண்ணிகிட்ட இளநியே தோத்துப்போகும்மா" என்று தலைவர் கலெக்டரிடம் அளந்துகொண்டிருந்தார். மாவிலை செருகிய குடத்தோடு பூவாயி வந்தாள்.

"தீர்த்தம் கொண்டாந்திருக்கேனுங்க. கும்பாபிஷேகம் மாதிரி, முதல் தெளிப்பு நம்ம தலைவருக்குத்தான்."

மாவிலையை நனைத்து அவள் ஓங்கியதும் தலைவர் துள்ளிப் பின்வாங்கினார். "ஐயையோ, மேலே பட்டுடப் போகுது! மோட்டார் ஓடியே ஒரு மாசமாச்சு, அது வெறும் சாக்கடை!"

கலெக்டர் மெல்லத் திரும்பினார். "ஒரு மாசமா ஓடலையா?"

பூவாயி குடத்தைத் தூக்கி மடக்மடக்கென்று குடித்தாள். "பயப்படாதீங்க தலைவரே, இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி."

கலெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மோட்டாரைப் போடும்மா பூவாயி. இனி நான் சொன்னாத்தான் நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டுக் காரேறினார். பூவாயியும் மோட்டார் அறைக்குப் போய்விட்டாள். ஒரு சொட்டும் படாத தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, தலைவர் கடைசியாக நடந்து போனார்.