ஏழாம் பிரிவும் பதினேழு முட்டைகளும்

ஆமை மெதுவாக நடப்பதால்தான் எங்கும் தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. குழந்தைகளே, இது கடுமையான பிழை, உடனே திருத்திக்கொள்ளுங்கள். ஆமை தாமதமாவதற்குக் காரணம் அதன் கால்கள் அல்ல. வழியில் நடக்கும் கூட்டங்கள்.

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் கிழச் சிங்கம் செத்துப்போனது. "இனி நமக்கு ராஜா வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாசனம் எழுதிக்கொள்வோம்" என்று பிராணிகள் முடிவு செய்தன. மரப்பட்டையில் அதைக் கொத்தி எழுதும் வேலை மரங்கொத்திக்குக் கிடைத்தது. தலைமைப் பதவி நாரைக்கு. ஒற்றைக்காலில் நிற்பதில் நாரையை மிஞ்ச ஆள் இல்லை. தலைமைக்கு வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

சாசனத்தை விவாதிக்க ஆற்றங்கரை மணல்திட்டில் கூடினார்கள். மணல் காலுக்கு மெத்தென்று இருந்தது. அந்த மெத்தென்ற மணலுக்கு ஒரு சாண் கீழே ஆமையின் பதினேழு முட்டைகள் இருந்தன. அவை பொரிய இன்னும் மூன்று நாள்.

செய்தி கேட்டு ஆமை வந்து சேர்ந்தபோது யானை பேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காலைத் தூக்கி ஊன்றுவது யானையின் வழக்கம். அதனிடம் நிறையக் கருத்துகள் இருந்தன.

"அவையோரே! ஏழாம் பிரிவுதான் இந்தச் சாசனத்தின் உயிர்!" தொம். "குறையுள்ள எந்தப் பிராணியும் இனிச் சபைக்கு மனுக் கொடுக்கலாம்!" தொம். "எளியவர் குரல் இனி நம் காதில் விழும்!" தொம்.

ஆமை கழுத்தை நீட்டி யானையின் காலையும் அதன் கீழே இருந்த மணலையும் பார்த்தது. 'இங்கே முட்டை இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். ஆனால் முன்வரிசையில் உடும்பு உட்கார்ந்திருந்தது. உடும்பின் காதுபட முட்டை என்று சொல்வதும், இலை போட்டு விருந்துக்கு அழைப்பதும் ஒன்றுதான்.

"தலைவரே, கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா?" என்றது ஆமை.

"எத்தனை நாள் தள்ளி?"

"நாள் இல்லை ஐயா. ஒரு இருபது அடி."

நாரை கண்ணை மூடி யோசித்தது. "அம்மா, நீங்கள் இப்போது சொன்னது ஒரு மனு. மனுக் கொடுக்கும் உரிமை ஏழாம் பிரிவில் இருக்கிறது. ஏழாம் பிரிவு இன்னும் நிறைவேறவில்லை. நிறைவேறியதும் வாருங்கள். முதல் ஆளாகக் கேட்கிறோம்."

"நிறைவேற எவ்வளவு நாளாகும்?"

"அதைக் கேட்பதும் மனுதான்."

"காரணம் என்ன அக்கா?" என்று உடும்பு நாக்கை நீட்டி மடக்கியது. "சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான்."

"வெயில், தம்பி. வேறென்ன?"

"சும்மாவா சொன்னார்கள், ஆமை புகுந்த வீடு விளங்காது என்று!" காட்டுப்பன்றி உறுமியது. "நாம் இங்கே எளியவர்களுக்காக உயிரைக் கொடுத்துப் பேசுகிறோம். இது நடுவில் வந்து தொந்தரவு செய்கிறது!"

விவாதம் தொடர்ந்தது. ஒரு மனுவுக்கு ஆதரவாக எத்தனை காலடித் தடங்கள் வேண்டும்? நூறு என்றது நாரை. தன் ஒரு தடம் முயலின் நாற்பதுக்குச் சமம் என்றது யானை. தனியாகவே மனுப் போட்டுவிடலாம் என்று கணக்குப் பார்த்த மரவட்டை, நூறே சரி என்று பலமாக ஆதரித்தது. பன்றி எதிர்த்தது. யானை பன்றியை எதிர்த்து இரண்டு அடி முன்னால் வந்து காலை ஊன்றியது.

தொம். அடியில் மெல்ல ஏதோ நொறுங்கியது. ஆமைக்கு மட்டும் அது கேட்டது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அது மறுபடி தலையை நீட்டியபோது முகத்தில் பணிவு வழிந்தது.

"தலைவரே, மனு இல்லை. சபையைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு எந்தப் பிரிவு நிறைவேற வேண்டும்?"

"பாராட்டுக்குப் பிரிவு எதற்கம்மா!" நாரை இரண்டாவது காலையும் ஊன்றியது. "அதை எந்த நேரமும் ஏற்போம். சொல்லுங்கள், சொல்லுங்கள்."

"இவ்வளவு ஆழமான விவாதத்தை நான் கேட்டதே இல்லை. இப்படிப்பட்ட மேதைகள் மணலில் நின்று காய்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதோ அந்த நாவல் மரத்து மேடு, அறிவில் பெரியவர்கள் அமர்வதற்கென்றே இயற்கை செய்து வைத்த இடம். மற்ற சாதாரணப் பிராணிகள் என்னோடு இங்கேயே இருக்கட்டும்."

மரங்கொத்தி எழுதி முடிப்பதற்குள் மணல்திட்டு காலியாகிவிட்டது. யானையும் பன்றியும் நாவல் மரத்தடிக்கு முட்டிமோதிக்கொண்டு ஓடின. நாரை நடப்பதை மறந்து பறந்தது.

உடும்பு மட்டும் மணலை முகர்ந்தபடி தயங்கி நின்றது. "நீங்கள் வரவில்லையா அக்கா?"

"எனக்கு அவ்வளவு அறிவு ஏது தம்பி? துணைக்கு நீயும் இருக்கிறாயா? 'உடும்பும் சாதாரணப் பிராணிதான்' என்று அங்கே சொல்லி அனுப்பிவிடுகிறேன்."

உடும்பு அவ்வளவு வேகமாக ஓடியதை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பதினாறு ஆமைக்குஞ்சுகள் மணலைத் தள்ளி வெளியே வந்து, வரிசையாக ஆற்றில் இறங்கின. நாவல் மரத்தடியில் அப்போதும் நூறா, நாற்பதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் முடிந்தபோது ஏழாம் பிரிவு ஒருமனதாக நிறைவேறியது. முதல் மனுவைச் சுண்டெலி கொண்டுவந்தது. நாவல் மரத்தடியில் இருக்கும் தன் வளையின் வாசலில் யானை உட்கார்ந்திருப்பதாகவும், உள்ளே மனைவியும் மக்களும் இருப்பதாகவும் அதில் சொல்லியிருந்தது. சபை மனுவைப் பெற்றுக்கொண்டது. அதை விவாதிப்பதற்காக எல்லோரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள்.

நீதி: குறையைக் கேட்க விதி தேடும் சபை, புகழைக் கேட்க விதி தேடுவதில்லை.