குப்புற விழுந்த ஷூ

மணலும் கண்ணாடிக் கட்டடமுமா நிறைஞ்ச ஒரு வளைகுடா ஊர்ல, ஒரு பள்ளிவாசல். அதோட வாசல்ல ஒரு செருப்பு அலமாரி. அஞ்சு வேளையும் அந்த அலமாரி ஒரு தனி நாடு. ஆளுங்க உள்ள தொழப் போயிட்டா, செருப்புங்க வெளியில பேச ஆரம்பிச்சுடும். எந்த ஊர்த் தோலா இருந்தாலும் செருப்புங்களுக்குள்ள மொழிப் பிரச்சினை கிடையாது.

அந்த நாட்டுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. உள்ள தொழாத காலோட செருப்பு அலமாரியில நிக்கக் கூடாது. தெரிஞ்சா படியில தள்ளிவிட்டுடுவாங்க. கீழ வெயில். மத்தியானத் தரையில கிடந்தா அடிப்பசை உருகி, அடி தனியா கழண்டுடும். போன வருஷம் மாதா கோயிலுக்குப் போற டிரைவர் ஒருத்தரோட செருப்பு அப்படித்தான் போச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குக் கொஞ்சம் முன்னாடி உள்ள ஏசி நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ண இளவழகன்னு ஒரு மெக்கானிக் ஓடி வந்தாரு. பண்ருட்டிக்காரர். சாமியே இல்லைன்னு சொல்ற வீட்டுல வளர்ந்தவர். ஆனா கழட்டச் சொல்ற இடத்துல செருப்பைக் கழட்டிடுவாரு. மெஷின் ரூமுக்குத் தொழுகை விரிப்பைத் தாண்டித்தான் போகணும். சேஃப்டி ஷூ ரெண்டையும் மேல் தட்டு ஓரத்துல வச்சுட்டு உள்ள போயிட்டாரு.

வலது ஷூ உடனே இடதுகிட்ட கிசுகிசுத்துச்சு. "வாயத் திறக்காத. கேட்டா நான் பேசிக்கிறேன்."

"எத்தனை நாளைக்குண்ணே?"ன்னு கேட்டுச்சு இடது.

"விசா இருக்கிற வரைக்கும்."

பக்கத்துல ஒரு தோல் செருப்பு நின்னுச்சு. பளபளன்னு எண்ணெய் போட்டது. கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருக்கிற ஜாசிம்னு ஒருத்தரோடது. அலமாரியில அது வச்சதுதான் சட்டம்.

"புதுசா இருக்கீங்களே. உங்க ஆளு எந்தப் பள்ளியில தொழறாரு?"

"மீன் மார்க்கெட் பக்கத்துப் பள்ளிங்க"ன்னு வலது பவ்யமா சொல்லுச்சு.

"அங்க என் சொந்தக்காரங்க நிறைய பேர் நிக்கிறாங்க. உங்களைப் பத்தி ஒருத்தரும் சொல்லலையே?"

"கடைசித் தட்டுல நிப்போம். கண்ணுல பட்டிருக்காது."

"அந்தப் பள்ளியில தட்டே கிடையாது. தரையிலதான் விடுவாங்க."

அலமாரி முழுக்க ஒரே சிரிப்பு. வலதுக்கு நாக்கு மடங்கிப்போச்சு. ஷூவுக்கு நாக்கு உண்டுங்கிறது தெரிஞ்ச விஷயம்தானே.

இடதுக்குப் பொறுக்கலை. "எங்க ஆளு எங்கேயும் தொழறதில்லை. சாமி இல்லைங்குறாரு. போதுமா? ஆனா உங்க ஆளுங்களுக்கு வேர்க்கக் கூடாதுன்னு இப்ப உள்ள ஏணி மேல நிக்கிறாரு."

"அடப்பாவி"ன்னு முனகுச்சு வலது.

சிரிப்பெல்லாம் நின்னுபோச்சு. "வேற கோயிலுக்குப் போற காலைக்கூட ஒரு கணக்குல சேர்க்கலாம். எங்கேயும் போகாத காலா?"ன்னு உறுமுச்சு தோல் செருப்பு. "தள்ளுங்கடா!"

முண்டியடிச்சுத் தள்ளினாங்க. வலது தட்டோட விளிம்பைப் பிடிச்சுத் தொங்குச்சு. இடது உருண்டு, படி படியா விழுந்து, தரையில போய்க் குப்புறக் கவிழ்ந்துச்சு. சுள்ளுன்னு சூடு மேல் தோலைப் பிடிச்சுது. அடி வானத்தைப் பார்த்துச்சு.

ஒளு செய்ற இடத்துல, அதாவது தொழுகைக்கு முன்னாடி கைகால் கழுவுற இடத்துல, ஒரு பழைய ரப்பர் செருப்பு எப்பவும் ஈரத்துல கிடக்கும். யாரு வேணா மாட்டிக்கலாம். யாருக்கும் சொந்தமில்லை. அது எட்டிப் பார்த்துட்டுக் கத்துச்சு.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க? ஷூவோட அடி மேல பார்க்குதே! வானத்தை நோக்கி அடியைக் காட்டுறதா?"

அலமாரி வெலவெலத்துப்போச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். செருப்பு குப்புறக் கிடந்தா, பார்த்தவங்க தாண்டிப் போக மாட்டாங்க. குனிஞ்சு நிமித்தி வச்சுட்டுத்தான் போவாங்க. அந்தப் பழக்கம் சின்னப் புள்ளைங்க வரைக்கும் உண்டு.

"யாராவது போய் நிமித்துங்கப்பா!"

"நீ போ."

"நீதானே தள்ளச் சொன்னே?"

யாராலயும் முடியலை. உள்ள கால் இல்லாத செருப்புங்களுக்குத் தள்ளத்தான் முடியும், தூக்க முடியாது.

கீழ இடது ஷூவுக்கு ஓரப்பசை இளக ஆரம்பிச்சுடுச்சு. 'பேசாம மீன் மார்க்கெட்டுன்னே சொல்லியிருக்கலாம்'னு நினைச்சுது. அப்பத்தான் உள்ள இருந்து ஏசி ஓடுற சத்தம் கேட்டுச்சு. அந்த நேரத்துல அதுக்கு அது ஒரு ஆறுதல்.

தொழுகை முடிஞ்சுது. முதல் ஆளா வெளிய வந்தவர் ஜாசிம். தோல் செருப்புக்கு உயிர் வந்துச்சு. "எங்க ஆளு வந்துட்டாரு! ரொம்பக் கறாரு. பாருங்க, அதை எத்திட்டுத்தான் போவாரு."

ஜாசிம் கீழ பார்த்தாரு. முகம் சுருங்குச்சு. தன் செருப்பை மாட்டக்கூட நிக்கலை. வெறுங்காலோட படி இறங்கி, கொதிக்கிற தரையில ரெண்டு எட்டு தாவி, ஷூவை எடுத்து நிமித்தி, மண்ணைத் தட்டினாரு. திரும்ப ஓடி வந்து, தோல் செருப்புக்குப் பக்கத்துலயே அதை வச்சாரு.

பின்னாடியே இளவழகன் ஸ்க்ரூடிரைவரோட வந்து நின்னாரு. "என் ஷூதாங்க. மன்னிக்கணும்."

"வெயில்ல விடாதேப்பா. அடி போயிடும்." ஜாசிம் ஒத்தக் கால்ல நின்னு உள்ளங்காலைத் தேய்ச்சுக்கிட்டாரு. "நீதான் ஏசி பண்ணினியா?"

"ஆமாங்க."

"தொழறப்போ முதுகுல சில்லுன்னு பட்டுச்சு. நல்லா இரு."

எந்தப் பள்ளின்னு கேட்கலை. இளவழகன் குனிஞ்சு லேஸ் கட்டுறதுக்குள்ள பெருமூச்சு விட்டது அவரா, வலது ஷூவான்னு தெரியலை.

ஜாசிம் தன் செருப்புக்குள்ள காலை விட்டாரு. சூடு பட்ட உள்ளங்கால் மேல படவும் தோல் செருப்புக்குச் சுருக்குன்னுச்சு. இடதைத் திரும்பிப் பார்த்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு சர்வீஸுக்கு இளவழகன் மறுபடி வந்தாரு. ஷூ ரெண்டும் பயந்துக்கிட்டே ஓரமா நின்னுச்சு. சட்டம் அப்படியேதான் இருந்துச்சு. தோல் செருப்பு அக்கம்பக்கம் பார்த்துட்டு நகர்ந்து இடம் விட்டுச்சு.

"உள்ள தள்ளி நில்லு. எந்தப் பள்ளின்னு எவனாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். உங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல வராது."