எந்த இஞ்சினை அணைக்கிறது?

விமானக் கம்பெனி சேர்மன் தர்மசீலன் பைலட் யூனியன்காரங்க முன்னாடி பேப்பரை நீட்டினாரு.

"பைலட்டுங்களுக்கு இனிமே பாதிச் சம்பளம். கையெழுத்துப் போடுங்க, இல்ல நடையைக் கட்டுங்க! ஒரு இஞ்சின் நின்ன பிளேன் மாதிரி கம்பெனி தள்ளாடுது."

கடைசி நாற்காலியில இருந்த புது கோ-பைலட் ஆரோக்கியமேரி எழுந்தா.

"ஒரு இஞ்சின் கெட்டுப்போனா, பதட்டத்துல நல்ல இஞ்சினை அணைச்சிடக் கூடாதுன்னு, பக்கத்து ஆள்கிட்ட 'இதுதானே?'ன்னு கேட்டுட்டுத்தான் நாங்க அணைப்போம் சார். நீங்க கேட்டீங்களா?"

"கேட்டாப் போச்சு!" சேர்மன் பேப்பர் மேல கையை வெச்சு, பக்கத்துல இருந்த, கம்பெனிக்குக் கடன் கொடுத்த பேங்க் அதிகாரி பக்கம் மிதப்பா திரும்பினாரு. "கெட்டுப்போன இஞ்சின் இதுதானே சார்?"

அவர் ஃபைலைப் புரட்டினாரு. "இல்லையே! பிளேன் ஓட்டுறதுல லாபம்தான். நஷ்டமெல்லாம் கம்பெனி காசுல உங்க மச்சான் நடத்துற ஹோட்டல்லதான்."

சேர்மனோட கை இன்னும் அந்தப் பேப்பர் மேலயே இருந்துச்சு.

"கையை எடுங்க சார்"னா மேரி. "அது ஓடுற இஞ்சின்."