தவளையம்மாவின் முன்பக்கச் சுவர்

காட்டோரத்தில் தத்தம்மா என்றொரு தவளை இருந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு தலைப்பிரட்டைகள். அத்தனையும் ஒரே குட்டையில் நெளிந்துகொண்டிருந்தன. அந்தக் குட்டையோ வெயிலில் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் நாலு நாள் போனால் வெறும் சேறுதான்!

"என் வளைக்குப் பக்கத்துலயே பிள்ளைகளுக்கு ஒரு குளம் கட்டிடுறேன்!" என்று தத்தம்மா துள்ளினாள். துள்ளிய துள்ளலில் குப்புற விழுந்தாள். விழுந்தபடியே நண்டு மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினாள்.

மேஸ்திரி வந்து தோண்டினார். ஒரு சாண் ஆழத்திலேயே பாறை தட்டியது.

"கவலைப்படாதீங்கம்மா. பாதிக் குளம் மண்ணுக்குள்ள, மீதிக் குளம் மண்ணுக்கு மேல! சுத்திலும் ஒரே மட்டமா ஒரு சாண் களிமண் சுவர் வச்சா போதும்."

"ஒரு சாணா? முன்பக்கம் மயில் போற பாதை மேஸ்திரி! பார்க்கிறவங்க வாயைப் பிளக்க வேணாமா? முன்சுவர் ரெண்டு சாண்! நத்தை ஓடு வேற பதிச்சிடுங்க!"

"அப்புறம் பின்சுவருக்கு மண் பத்தாதேம்மா!"

"பின்னால யாரு பார்க்கப் போறா? நாலு விரல்கடை வச்சு முடிங்க!"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்ளக் கொடுக்கை ஓங்கினார். அது கூர் என்பது நினைவுக்கு வந்ததும் இறக்கிக்கொண்டார்.

முன்சுவர் பளபளவென்று எழும்பியது. ஊற்றுத் தண்ணீரை மூங்கில் குழாய் வழியாகத் திருப்பினார்கள். தத்தம்மா தேக்கிலையில் பிள்ளைகளை அள்ளி வந்து குளத்தில் விட்டாள்.

"ஏறு, தண்ணியே! சுவர் உச்சி வரைக்கும் ஏறு!" என்று கூத்தாடினாள்.

தண்ணீரா அவள் பேச்சைக் கேட்கும்? நாலு விரல்கடை ஏறியதும் பின்பக்கமாக வழிந்தது. வழிந்த வேகத்தில் மண் அரிபட்டு, பின்சுவர்தான் வாயைப் பிளந்தது!

"ஐ! சறுக்கு! சறுக்கு!" என்று தலைப்பிரட்டைகள் குஷியாக அந்தப் பிளவை நோக்கிப் பாய்ந்தன.

பிளவுக்கு வெளியே ஒரு கொக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. "வாங்க கண்ணுங்களா! தள்ளாம ஒவ்வொருத்தரா வாங்க!"

தத்தம்மா கொக்கைப் பார்த்துவிட்டாள். ஒரே தாவு! பிளவில் தன் பின்புறத்தை வைத்து அடைத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்றது. கொக்கு கடுப்பில் ஒரு கொத்து கொத்தியது.

"ஐயோ! மேஸ்திரி, முன்சுவரை உடைங்க!"

"நத்தை ஓடு பதிச்சிருக்கேம்மா..."

"ஓட்டோட உடைங்க! மண்ணை இங்க கொண்டாங்க!"

கொக்கு இன்னும் இரண்டு கொத்து கொத்துவதற்குள் மேஸ்திரி முன்சுவரில் பாதியை இறக்கிப் பின்னால் ஏற்றிவிட்டார். இப்போது நாலு பக்கமும் ஒரே மட்டம், ஒரு சாண். கொக்கு பசியோடு பறந்துபோனது. தத்தம்மா எண்ணிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு! சந்தோஷத்தில் மேஸ்திரியின் ஓட்டில் முத்தமே கொடுத்துவிட்டாள்.

மாலையில் குளம் ததும்பி நின்றது. அந்த வழியாக வந்த மயில் தாழ்ந்த சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தது. "அடடா, என்ன அழகான குளம்! உட்காருங்க தத்தம்மா, எப்படிக் கட்டினீங்கன்னு சொல்லுங்க!"

"உட்கார மட்டும் சொல்லாதீங்க," என்றாள் தத்தம்மா. "நின்னுக்கிட்டே சொல்றேன்."

ஊர் பார்க்கும் பக்கத்தை எவ்வளவு உயர்த்தினாலும், யாரும் பார்க்காத பக்கம் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் தண்ணீர் நிற்கும்.