முதல் பாய்

“எனக்கு வயிறு எரியுது, அம்மா,” என்றார் மாசிலாமணி.

ஒளிக்காமல் சொன்னாரே, அதுவரைக்கும் நல்லது.

“யாரைப் பார்த்து?” என்று கேட்டார் அங்கயற்கண்ணி அம்மா. அந்த மடத்துக்கு அவர்தான் குரு.

“நல்லசிவத்தைப் பார்த்துத்தான். நேத்து வந்த பய! அவனுக்கு முதல் பாய். பன்னிரண்டு வருஷமா நான் கடைசிப் பாயிலேயே கிடக்கிறேன்.”

விஷயம் இதுதான். காலை தியானத்தில் அம்மா ஒரு பலகையைச் சீராகத் தட்டுவார். டக், டக், டக். திடீரென்று பக்கத்திலிருக்கும் வெண்கலச் சேகண்டியில் ஒரு அடி. கணீர்! அத்தனை பேருக்கும் மூடிய இமை துடிக்கும். நல்லசிவத்துக்கு மட்டும் அசையாது. போன மாதம் அம்மா அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில், முதல் பாயில் உட்காரவைத்தார். இமை துடிக்காதவன் ஞானி என்று சீடர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அம்மா அப்படிச் சொன்னதே இல்லை.

“எனக்கு ஏன் இமை அடங்க மாட்டேங்குது?”

“எப்படி அடங்குச்சுன்னு அவனையே கேட்டுட்டு வா.”

அவனிடம் போய்க் கேட்பதா! பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

குழாயடியில் நல்லசிவம் நின்றிருந்தான். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“சேகண்டியா? எப்ப அடிச்சாங்க, அண்ணே?”

“விளையாடாத.”

“பலகைச் சத்தம் ஒவ்வொண்ணும் எனக்குப் புதுசாத்தான் கேக்குது. நடுவுல அவங்க வேற பேசிக்கிட்டே இருக்காங்க. எதைன்னு கவனிக்கிறது?”

“யாரு பேசுறாங்க?”

நல்லசிவம் சுற்றுமுற்றும் பார்த்தான். “உங்களுக்குக் கேக்கலையா? நாலு மாசமா தூக்கமே இல்ல, அண்ணே. பயமா இருக்கு.”

மாசிலாமணி அம்மாவிடம் ஓடினார்.

“அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அம்மா!”

“பத்து நாளா கூப்பிடுறேன். எங்கூட வரமாட்டேங்கிறான். நீ கூப்பிட்டுப் பாரு.”

கூப்பிட்டார். வந்தான்.

டாக்டர் அவனிடம் வெகுநேரம் பேசினார். பிறகு தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். பீப், பீப், பீப். நடுநடுவே வேறு மாதிரி ஒரு பீப். அட, மடத்தில் நடப்பது அப்படியே!

மாசிலாமணிக்கு அங்கேயும் பொறுக்கவில்லை. “எனக்கும் வச்சுப் பாருங்க,” என்றார்.

வைத்தார்கள். திரையில், வேறு சத்தம் வந்த இடத்தில் அவருடைய கோடு நன்றாகக் குதித்திருந்தது. நல்லசிவத்தின் கோடு லேசாக அசைந்து படுத்துவிட்டது.

“அவனுக்கு அடங்கியிருக்கு, பாத்தீங்களா?”

“அடங்கலைங்க,” என்றார் டாக்டர். “எது பழைய சத்தம், எது புதுசுன்னு பிரிக்க முடியாம அவர் மூளை திணறுது. ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு.”

மாசிலாமணிக்கு வெட்கமாகப் போயிற்று.

நல்லசிவத்தை வார்டில் சேர்த்துவிட்டு மறுநாள் மடத்துக்குத் திரும்பினார்.

“தெரிஞ்சுமா அவனை முதல் பாயில உட்காரவச்சீங்க?”

“என்னன்னு தெரியல. ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு. கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டுமேன்னுதான்.”

அம்மா எழுந்தார். கடைசியில் கிடந்த மாசிலாமணியின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். நல்லசிவத்தின் பாயை எடுக்காமல், கொண்டுவந்த பாயைத் தன் மறுபக்கத்தில் விரித்தார்.

“எனக்கா? எனக்கு இமை நல்லாத்தானே துடிக்குது!”

“இமைக்கு ஒண்ணுமில்ல,” என்றார் அம்மா. “வயிறு எரியுதுன்னு சொன்னியே.”