மந்தியின் குரலைத் திருடியவர்கள்

ஒரு பெரிய குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு புலியும் மேற்குக் கரையில் ஒரு சிங்கமும் ஆட்சி செய்துவந்தன. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. 'காட்டுக்கே பெரியவன் நான்தான்' என்று காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை உறுமிக்கொள்ளும்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவை மான்கள். கோடையில் தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில்தான். குடிக்காமலும் இருக்க முடியாது. குனிந்து குடிக்கும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் முடியாது.

அதற்காக அவை ஓர் ஏற்பாடு செய்திருந்தன. தென்கரை நாவல் மரத்தின் உச்சியில் வடிவு என்ற மந்தி உட்கார்ந்து காவல் பார்ப்பாள். கிழக்கே புலி தென்பட்டால் இரண்டு தடவை கத்துவாள். மான்கள் மேற்கே ஓட வேண்டும். மேற்கே சிங்கம் தென்பட்டால் மூன்று தடவை கத்துவாள். மான்கள் கிழக்கே ஓட வேண்டும். நின்று யோசிக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. குரல் கேட்டதும் கால் கிளம்பிவிட வேண்டும்.

பதிலுக்கு, மந்திகள் பழம் பொறுக்கத் தரையில் இறங்கும்போது மான்கள் சுற்றி நின்று மோப்பம் பிடித்துக் காவல் காக்கும். எத்தனையோ கோடைகள் இப்படித்தான் போயின. வடிவு ஒரு நாளும் பொய்யாகக் கத்தியதில்லை.

இதைச் சிங்கம் கவனித்தது.

"அந்தக் குரங்கோட குரல் மட்டும் நம்ம கையில இருந்தா, மான் எல்லாம் தானா நம்ம வாய்க்கு வருமே!" என்றது.

உடனே ஒரு கரிச்சான் குருவியைக் கொண்டுவந்து, புழுவும் பூச்சியும் கொடுத்து வளர்த்தது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிக் கத்துவது கரிச்சானின் திறமை. பத்தே நாளில் அது வடிவைப் போலவே இரண்டு தடவை கத்தப் பழகிவிட்டது.

புலி மட்டும் இளித்தவாயா? அது ஒரு மைனாவைப் பிடித்து, மூன்று தடவை கத்தப் பழக்கியது.

முதலில் கத்தியது மைனாதான். மான்கள் கிழக்கே பாய்ந்து ஓடின. புதருக்குள் காத்திருந்த புலி, சினையாக இருந்த ஒரு மானை அடித்துத் தின்றது. நாலு நாள் கழித்துக் கரிச்சான் கத்தியது. மேற்கே ஓடிய மான்களில் இரண்டைச் சிங்கம் பிடித்துக்கொண்டது.

மான்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஓடாமலும் இருக்க முடியவில்லை. நின்று பார்க்கலாம் என்று நின்று, அது நிஜக் குரலாக இருந்துவிட்டால்?

அந்தக் கூட்டத்தில் செம்பி என்றொரு பெண்மான் இருந்தாள். அவளுக்கு இருபது நாள் குட்டி ஒன்று. துள்ளி என்று பெயர். இரண்டு ஈற்றுக் குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு அவளுக்குத் தங்கிய ஒரே பிள்ளை. செம்பி தண்ணீர் குடித்தால்தான் துள்ளிக்குப் பால். அதனால் அவள் பயந்து பயந்து தினமும் குளத்துக்கு வந்தாள்.

"அக்கா, பார்த்துக்கோ!" என்று மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் குனிவாள்.

"நீ குடி, நான் இருக்கேன்!" என்பாள் வடிவு.

ஒரு நாள் நடுப்பகலில் துள்ளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செம்பி தண்ணீரில் வாய் வைத்தாள். நாலு மடக்குக் குடித்திருப்பாள். மூங்கில் புதரிலிருந்து வடிவின் குரல் இரண்டு தடவை கேட்டது. மந்தைக்கே கால் கிளம்பிவிட்டது.

"நான் இல்ல! நான் கத்தல! ஓடாதீங்க!" என்று மரத்தின் மேலிருந்து அலறினாள் வடிவு. பாவம், அவள் அலற அலற மான்கள் இன்னும் வேகமாக ஓடின. அந்தக் குரலைக் கேட்டால் ஓட வேண்டும் என்பதுதானே அவற்றின் பழக்கம்!

மேற்குக் கரைப் புல்லுக்குள் சிங்கம் படுத்திருந்தது. துள்ளிக்கு அம்மாவின் வேகத்துக்கு ஓட வரவில்லை.

அன்று முழுக்கச் செம்பி நாவல் மரத்தடியிலேயே நின்றாள். மடியில் பால் கட்டிக்கொண்டு வலித்தது.

"நீதானே அக்கா கத்தினே! உன் குரல்தானே கேட்டுச்சு! என் பிள்ளையைக் கொன்னுட்டியே!"

"நான் இல்லடி! என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல!" என்று வடிவு அழுதாள். ஒருவரும் நம்பவில்லை. செய்தவன் மீசையை நக்கிக்கொண்டு தூங்கினான். செய்யாதவள் சத்தியம் செய்துகொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் காலையில் புலி எல்லா விலங்குகளையும் பாறைக்குக் கூப்பிட்டது. பாறையில் கூட்டம் நடக்கும்போது யாரும் யாரையும் தொடக் கூடாது என்பது காட்டின் கட்டுப்பாடு. அதனால் மான்களும் வந்தன, மந்திகளும் வந்தன.

புலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. "இருபது நாள் குட்டி! அதைக் கொல்ல எப்படி மனசு வந்துச்சு? மந்தி மேல தப்பே இல்ல. அவ குரலைத் திருடினது இந்தச் சிங்கம்! கரிச்சானை வச்சுக் கத்த விட்டது இவன்தான்!"

"பச்சைப் பொய்!" என்று சிங்கம் பிடரியைச் சிலுப்பியது. "நான் எந்தக் குருவியும் வளர்க்கல. பறவையை ஏவுறது உன் தொழில்! மூணு குரல் கத்துற மைனா யாரோடதாம்?"

"எனக்கு மைனான்னா என்னன்னே தெரியாது! ஆனா உன் கரிச்சானுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. உன் குகை வாசல் பொந்துலதான் அது தங்குது. நேத்துக் காலையில அதுகிட்ட நீ சொன்னதை அப்படியே சொல்லட்டுமா? 'செம்பி வாயை வச்சு நாலு மடக்குக் குடிச்சதும் கத்து. குட்டி உள்ளவ, மெதுவாத்தான் ஓடுவா' அப்படின்னு சொன்னியா இல்லையா?"

சிங்கம் கர்ஜித்தது. "என் குகைக்குள்ள பேசினது உனக்கு எப்படிடா தெரியும்? ஒட்டுக்கேட்கப் பல்லியை விட்டிருக்கியா?"

"நீ என் புதருக்குள்ள ஓணானை விடலையா? என் மைனா எத்தனை மணிக்குக் கத்தும்னு உனக்கு ஓணான்தானே வந்து சொல்லுது!"

"ஆகா! மைனா இருக்குன்னு ஒத்துக்கிட்டான்!"

"நீ ஓணான் இருக்குன்னு ஒத்துக்கோ!"

கட்டுப்பாட்டை மீறாமல், ஒன்றையொன்று தொடாமலேயே இரண்டும் தாவிக் குதித்து வாய்ச்சண்டை போட்டன. நரிகள் ஒரு பக்கம், கழுகுகள் ஒரு பக்கம் என்று சேர்ந்துகொண்டு கூச்சல் போட்டன. அப்போது செம்பி முன்னால் வந்தாள்.

"புலி ராசா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பேச்சு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நேத்துக் காலையிலேயே தெரியும்மா! என் பல்லி அவ்வளவு கெட்டி!" என்றது புலி பெருமையாக.

"என் பிள்ளை செத்தது நடுப்பகல்ல. காலையிலேயே தெரிஞ்சும் ஏன் ராசா ஒரு வார்த்தை சொல்லல?"

புலி முழித்தது. "அதெப்படிச் சொல்றது? சொல்லியிருந்தா என் பல்லி மாட்டிக்கிட்டிருக்குமே!"

செம்பி சிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "மைனா கத்தப்போகுதுன்னு உங்களுக்கும் முன்னாலேயே தெரியும். சினை மான் செத்த அன்னிக்கு நீங்களும் சொல்லல. உங்க ஓணான் மாட்டிக்கும், அப்படித்தானே?"

சிங்கம் வேறு பக்கம் பார்த்தது.

"தூ!" என்று துப்பினாள் செம்பி. "ஒருத்தர் குகையில விழுற ஊசிச் சத்தம்கூட இன்னொருத்தருக்குக் கேட்குது. என் பிள்ளை அலறினது மட்டும் ரெண்டு பேருக்கும் கேட்கல! என் பிள்ளை பேரைச் சொல்லி இனி ரெண்டு பேரும் அழாதீங்க!"

பிறகு வடிவின் அருகே போய்த் தலையைக் குனிந்தாள். "என்னை மன்னிச்சிரு அக்கா. உன்மேல பழி போட்டேன்."

வடிவு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இந்தக் குளத்துல என் குரலுக்கு இனி மதிப்பு இல்லடி. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று இருக்கு. கொஞ்சம் தண்ணிதான். ஆனா அங்கே இவங்க இல்ல. வா, போயிரலாம்."

மான்கள் நடந்தன. மந்திகள் மேலே கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு கூடவே போயின. முயல்களும் மயில்களும் பின்னால் சேர்ந்துகொண்டன. பாறை மேல் மறுபடியும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ராஜாக்களும் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் நடுப்பகலில் கரிச்சான் இரண்டு தடவை கத்தியது. மைனா மூன்று தடவை கத்தியது. குளக்கரையில் ஒரு காதும் நிமிரவில்லை. பசியோடு வந்த புலியும் சிங்கமும் வெறுங்கரையைப் பார்த்தன. "என் மான்களைத் திருடினது நீதானடா!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின.

பலசாலிகள் இருவர் ஒருவரையொருவர் 'நீதான் திருடன்' என்று ஏசும்போது இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அந்தத் திருட்டுக்குப் பலியாவது எளியவர்களின் பிள்ளைகளே.