பாயசத்தில் விழுந்த சொட்டு

கட்டளூர்ச் சீமையில் பிச்சாண்டி என்று ஒருவர் இருந்தார். ராஜா சொர்ணலிங்கத்தின் சபையில் விகடம் பேசுவது அவர் வேலை. ராஜாவுக்குக் கோபம் வந்தால் சிரிக்க வைப்பார். ஏடாகூடமான யோசனை வந்தால் மெல்லத் திசை திருப்பிவிடுவார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் ஒரு பழைய வீட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

தேரடித் தெருவில் இருந்தது அந்த வீடு. தேக்குத் தூண்கள், நடுவே முற்றம், கூடத்தில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல். அரண்மனை கட்டி முடியும்வரை ராஜாவின் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, அங்கேதான் குடியிருந்தாராம். வீட்டுக்காரர்கள் அதை விற்றுவிட்டு வெளியூர் போகப்போவதாகச் செய்தி வந்ததும் பிச்சாண்டியின் மனைவி உலகம்மாள் காசுமாலையைக் கழற்றிவிட்டாள்.

"இது கழுத்துல கிடந்து என்ன பண்ணப் போவுது? அந்தத் தூணைத் தொட்டுப் பாத்தீங்களா, எப்படி வழவழன்னு இருக்கு!"

வீடு கைக்கு வந்தது. வயிற்றெரிச்சலும் கூடவே வந்தது, அரண்மனைக் காரியக்காரர் வேலப்பருக்கு. தன் மருமகனுக்கு அந்த வீட்டை முடித்துவிடலாம் என்று அவர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, பூட்டனார் வாழ்ந்த வீடு. வாங்கியவரோ விகடக்காரர். நாளைக்கே தூணுக்கு மஞ்சள் சாயம் அடித்தாலும் அடிப்பார்."

ராஜாவுக்குப் பூட்டனார் என்றால் உயிர். மறுநாளே தெருவில் தமுக்கு அடித்தார்கள். அந்த வீட்டில் ஓர் ஓடு, ஓர் ஆணிகூட இருந்த இடத்திலிருந்து மாறக்கூடாது. மாற்றுகிறவர் வீட்டை இழப்பார்.

பிச்சாண்டிக்கு அதில் வருத்தமே இல்லை. மாற்றவேண்டும் என்று யார் நினைத்தார்கள்? ஆனால் மழைக்காலம் வந்தது. கூரையில் குரங்குகள் ஓடி விளையாடி ஓடுகளைக் கலைத்தன. கூடம் ஒழுகியது. கொத்தனார் ஏணியைச் சார்த்திய நிமிஷத்தில் வேலப்பர் தெருமுனையில் தோன்றினார்.

"என்ன ஓய், ஓட்டுல கை வைக்கிறீரா?"

"ஒழுகுதுங்க."

"ஒழுகட்டும். ஒழுகக்கூடாதுன்னு ஆணையில இல்லையே."

"நகந்த ஓட்டைத் திரும்ப நகத்தி வச்சா?"

"நகத்துறது நகத்துறதுதான். வீடு போயிடும்."

கொத்தனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு வேலப்பர் தினமும் காலையில் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு தூணின் அடியில் கறையான் ஏறியது. அதைத் தட்டிவிடக்கூட பயமாக இருந்தது.

"தொட்டா வீடு போயிடும். தொடலைன்னா வீடே விழுந்துடும்," என்று உலகம்மாள் அழுதுவிட்டாள். "என் காசுமாலையைத்தான் கறையான் தின்னுட்டு இருக்கு."

அன்று இரவு முழுக்கப் பிச்சாண்டி ஒழுகும் இடங்களில் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்தார்.

ஐப்பசியில் பூட்டனாரின் பிறந்த நட்சத்திரம் வந்தது. அன்று அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து ராஜா பாயசம் சாப்பிடவேண்டும். அது பரம்பரை வழக்கம். வெளியே நல்ல மழை. ஊஞ்சலுக்கு நேர் மேலேதான் பெரிய ஒழுக்கு.

பிச்சாண்டி மனைவியிடம் சொன்னார்: "பாயசத்தை அகலமான கிண்ணத்துல ஊத்து."

"எதுக்குங்க?"

"சொட்டு தவறி வெளியே விழுந்துடக்கூடாது பாரு."

ராஜா உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கினார். டொப்பென்று ஒரு சொட்டு பாயசத்தில் விழுந்தது. அடுத்தது ராஜாவின் மூக்கில்.

"பிச்சாண்டி! பூட்டனார் வீட்டை இப்படியா வைத்திருக்கிறாய்?"

வேலப்பர் முந்திக்கொண்டார். "நான் அன்றைக்கே சொன்னேன், மகாராஜா."

பிச்சாண்டி கைகட்டி நின்றார். "மகாராஜா, இந்த வீட்டில் தங்கள் ஆணையை மீறுகிற மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதனால்தான் தங்களிடம் முறையிடக் காத்திருந்தேன்."

"யார் அவர்கள்?"

"ஓட்டை நகர்த்தியது குரங்கு. தூணைத் தின்பது கறையான். சுவரைக் கரைப்பது மழை. பூட்டனார் இங்கே பாயசம் குடித்தபோது கூரை ஒழுகியதா? வீட்டை மாற்றியவர்கள் இவர்கள்தான்."

ராஜா அண்ணாந்து பார்த்தார். இன்னொரு சொட்டு நெற்றியில் விழுந்தது. "அதுவும் சரிதான். மாறியதைப் பழையபடி வைத்தால் அது மாற்றம் ஆகாது. ஆனால் எது பழையபடி என்று யாருக்குத் தெரியும்?"

பிச்சாண்டி மிகுந்த பணிவோடு வேலப்பர் பக்கம் திரும்பினார். "எந்த ஓடு எங்கே இருந்தது என்று ஐயாவுக்கு நினைவிருக்குமோ?"

ராஜா முன்னால் விட்டுக்கொடுப்பாரா வேலப்பர்? "என் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். தினமும் வந்து பார்க்கிறேனே!"

"மகாராஜா, நான் வீட்டுக்குப் புதுசு. என் கை தப்பான ஓட்டைத் தொட்டுவிடும். இவ்வளவு தெரிந்தவர் இருக்கும்போது ஓட்டைப் பழையபடி வைக்கவும் காவல் காக்கவும் வேறு ஆள் எதற்கு?"



"நல்ல யோசனை," என்றார் ராஜா. "வேலப்பரே, இன்று முதல் இந்த வீடு உம் பொறுப்பு. ஆளும் செலவும் உம்முடையது. அடுத்த வருஷம் என் பாயசத்தில் ஒரு சொட்டு விழுந்தால் உம்மைத்தான் கேட்பேன்."

அடுத்த ஐப்பசியில் மழை முந்தின வருஷத்தைவிட பலமாகப் பெய்தது. ராஜா ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். தூண்கள் எண்ணெய் தடவியதுபோல மின்னின. உலகம்மாள் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு சிரித்த முகமாக நின்றாள்.

"அப்படியே பூட்டனார் காலத்து வீடு! ஒன்றுமே மாறவில்லையே, பிச்சாண்டி!" என்றார் ராஜா.

அந்த நேரம் பார்த்துக் கூரைமேல் தடதடவென்று சத்தம். "சூ! போ! சனியனே, அந்த ஓட்டை விடு!"

"யாரது மேலே?" என்று கேட்டார் ராஜா.

"ஓடு, ஆணி, தூண் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மகாராஜா," என்றார் பிச்சாண்டி. "காரியக்காரர் மட்டும்தான் இடம் மாறியிருக்கிறார்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் சங்கிலி குலுங்கியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு, மேலே நனைந்துகொண்டிருப்பவருக்கும் ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பச் சொன்னார்.